பழைய போர்ஷே 911 எஸ்சி: டிராஃபிக்கில் ஏறும் ஆயில் சூட்டை இறக்குவது எப்படி

1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி வைத்திருப்பவர்களுக்கு இது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஆயில் சூட்டு முள் ஒழுங்காக நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊரில் சாயங்கால நெரிசலில் மாட்டினாலோ, ஃபீனிக்ஸ் மாதிரி 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கோடையில் எடுத்தாலோ முள் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், எங்கே நிற்குமோ என்று ஓட்டுபவர் சாலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கரேரா கூலர் போடு." எஸ்சிக்கு அடுத்து வந்த 911 கரேராவின், ஆயிலைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் அது. பதில் சரிதான். ஆனால் கூலரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, காற்று வர வழி செய்யாமல், ஃபேனும் போடாமல் விட்டால் நெரிசலில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. இந்த வேலையில் முக்கால் பங்கு காற்று சம்பந்தப்பட்டது, கூலர் மீதிக் கால் பங்குதான். நான் சொல்லப்போகும் வரிசை அதனால்தான் கொஞ்சம் மாறியிருக்கும்.

முதலில் இந்த வண்டியில் ஆயில் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இது தெரியாமல் எந்த நட்டையும் தொட வேண்டாம். 911 ட்ரை சம்ப் வண்டி. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்காது. வலது பின் மட்கார்டுக்குள் ஒரு டேங்க் இருக்கிறது, ஆயிலில் பெரும்பகுதி அங்கேதான். ஒரு பம்ப் அந்த டேங்கிலிருந்து இழுத்து அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்பும். இன்னொரு பம்ப், கீழே வடிந்து சேர்ந்த ஆயிலை உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்பும். கூலரும் இரண்டு. ஒன்று எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும், பெரிய ஃபேன் ஊதும் காற்றில் ஒரு பங்கு அதன் வழியாகப் போகும், இது அழுத்தப் பக்கத்தைச் சேர்ந்தது. இரண்டாவது வலது முன் மட்கார்டுக்குள், ஹெட்லைட்டுக்குக் கீழே, திரும்பி வரும் பக்கத்தில். எஞ்சினிலிருந்து வெளியே வரும் ஆயில் வலது பின் சக்கரக் குழியில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு வரும். ஆயில் குளிராக இருந்தால் அப்படியே டேங்குக்குப் போய்விடும். 85 டிகிரி செல்சியஸை ஒட்டி தெர்மோஸ்டாட் திறக்கும், அதற்கப்புறம்தான் வலது பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் நீளக் குழாய் வழியாக முன்னால் போய், குளிர்ந்து, பக்கத்துக் குழாயில் திரும்பி வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, முன் கூலருக்குப் போகும் ஆயில் காற்றும் நுரையும் கலந்தது, அளவிலும் அதிகம். அதனால் குழாயின் உள்விட்டத்தைக் குறைக்கவே கூடாது. இரண்டு, அந்தப் பக்கம் கசிந்தால் டேங்க் காலியாகிறது, டேங்க் காலியானால் எஞ்சினுக்கு ஆயில் கிடையாது. வெளியே தெரியும் சின்னச் சொட்டுதானே என்று விடக்கூடிய இடம் இல்லை இது.

எஸ்சியில் பெரும்பாலும் முன்னால் இருப்பது கூலர் என்றே சொல்ல முடியாத ஒன்று: வளைத்து மடித்த ஒரு குழாய், அவ்வளவுதான். டிராம்போன் என்ற ஊதுகுழல் போல இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓட்டத்தில் காற்று அடிக்கும்போது ஓரளவு வேலை செய்யும். நின்றால், துடுப்பு (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகள்) இல்லாத வெறும் குழாய் எவ்வளவு சூட்டை வெளியே விடும்? சில வருட வண்டிகளில் பல மெல்லிய பித்தளைக் குழாய்கள் அடுக்கிய கூலர் வந்தது, அது பரவாயில்லை. 1984இல் 3.2 லிட்டர் கரேரா வந்த பிறகு ரேடியேட்டர் போலத் துடுப்பு வைத்த கூலருக்கு மாறினார்கள், கடைசி வருடங்களில் அதற்கு மின்சார ஃபேனும் சேர்ந்தது. தொழிற்சாலையே போன வழி இது. நாமும் அதே வழியில்தான் போகப்போகிறோம்.

கூலர் வாங்கும் முன்

எது இயல்பான சூடு என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. 80 முதல் 100 டிகிரி வரை இந்த எஞ்சினுக்கு நல்ல இடம். வெயிலில் 110ஐத் தொட்டால் பதற வேண்டியதில்லை. 120ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைத்து, காற்று கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். மறுபக்கம், 80க்குக் கீழேயே எப்போதும் ஓடினால் அதுவும் நல்லதல்ல, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிவிடும்.

முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். இந்த வயது வண்டியில் மீட்டர், சென்சர், எர்த் கம்பி எதுவும் பொய் சொல்லலாம். சில மீட்டர்களில் எண்களே இல்லை, வெறும் கோடுகள்தான். அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சின் அறையின் வலது பக்கத்தில் ஆயில் ஃபில்டர் பொருந்தியிருக்கும் இடத்தையும், எட்டும் குழாய்களையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தை அந்தத் தெர்மாமீட்டர் குறைத்துத்தான் காட்டும், அதனால் அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அதை அளக்க வேண்டும். முள் 120 காட்டும்போது வெளியே 90தான் வருகிறது என்றால் உங்களுக்குத் தேவை புது சென்சர், கூலர் இல்லை.

அடுத்து, இருக்கும் முன் சுற்று வேலை செய்கிறதா? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வலது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு குழாய்களையும் அதே தெர்மாமீட்டரால் அளங்கள், கையால் தொட வேண்டாம், சுடும். முள் 100ஐத் தாண்டியும் அந்தக் குழாய்கள் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. நசுங்குவது இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். ஜாக் வைக்கத் தெரியாதவர்கள் வலது பக்கத்தில் அந்தக் குழாய் மேலேயே ஜாக்கை வைத்துத் தூக்கிவிடுவார்கள். குனிந்து முழு நீளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாகிப்போன ஒரு இடம் போதும், முன்னால் என்ன கூலர் போட்டாலும் பாதி ஆயில்தான் போகும்.

இந்த இரண்டும் சரியென்றால் எஞ்சின் பக்கம் வாருங்கள். எஞ்சின் மேலே இருக்கும் கூலரின் துடுப்புகளுக்குள் நாற்பது வருட இலைத் தூள், எண்ணெயில் ஊறிய அழுக்கு, சில வண்டிகளில் எலி கட்டிய கூடு வரை அடைத்துக்கொண்டு இருக்கும். ஃபேனுக்குப் பின்னால் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகரத் தடுப்புகளும் ஓர ரப்பரும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அவை இல்லையென்றால் கீழே போன சூடான காற்று மேலே ஏறி மறுபடி ஃபேனுக்குள்ளேயே போகும். ஹீட்டரைக் கழற்றிப் போட்ட வண்டிகளில் ஃபேன் கூட்டிலிருந்து ஹீட்டருக்குக் காற்று போகும் துளையைச் சும்மா திறந்து விட்டிருப்பார்கள், சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த வழியாக வீணாகும், அதை மூடுங்கள். பின் மூடியில் ஏசி கண்டென்சர் இருக்கும் வண்டியென்றால் ஃபேன் இழுக்கும் காற்றே சூடாகத்தான் உள்ளே வருகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் ஸ்பார்க் டைமிங்கும் பெட்ரோல்-காற்று மிக்சரும். கே-ஜெட்ரானிக் (இந்த வண்டியின் பெட்ரோல் இஞ்செக்ஷன்) வண்டியில் வேக்கம் ஹோஸ் ஒன்று வெடித்திருந்தால் பெட்ரோல் குறைந்து எரியும், சூடு ஏறும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் அப்படியே.

ஆயில் அளவும் ஒரு காரணம். 911இல் ஆயிலை எஞ்சின் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுக் குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் காலி என்று காட்டும், பயந்துபோய் இரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார்கள், டேங்க் நிரம்பி வழிந்து ஏர் ஃபில்டர் வரைக்கும் ஆயில் போகும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் நெரிசலில் முள் ஏறுகிறது என்றால், சரி, இப்போது கூலருக்கு வரலாம்.

எந்தக் கூலர்

ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு என் தேர்வு கரேராவின் துடுப்புக் கூலர், அதே வலது முன் மட்கார்டுக்குள், ஃபேனோடு. பழைய குழாய்களையே பயன்படுத்தலாம், பாடியை வெட்ட வேண்டியதில்லை, நாளைக்கு வாங்குபவர் அசலாக வேண்டும் என்றால் டிராம்போனை எடுத்து மாட்டிக்கொடுத்துவிடலாம். கழற்றியதைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், உள்ளே கழுவி, வாயை மூடி, பெயர் எழுதி வையுங்கள்.

முன் பம்பரின் நடுவில் பெரிய அடுக்குக் கூலர் வைப்பது இன்னொரு வழி. குளிர்விப்பதில் அதை அடிக்க முடியாது, காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. ஆனால் அதற்கு நடுவில் திறப்பு உள்ள பம்பர் வேண்டும், பாடியை வெட்ட வேண்டும், குழாய்களைப் புதிதாக இழுக்க வேண்டும். மாதாமாதம் டிராக்கில் ஓட்டுபவருக்கு அது நியாயம். ஆபீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை சுற்றுக்கும் எடுக்கும் வண்டிக்குத் தேவையில்லை என்பேன்.

செகண்ட் ஹேண்டு கூலர் வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: எஞ்சின் உடைந்த வண்டியிலிருந்து வந்த கூலரை வாங்காதீர்கள். பேரிங் துகள்கள் கூலரின் உள்வரிகளில் சிக்கிக்கொண்டால் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது, பிறகு உங்கள் எஞ்சினுக்குள் ஒன்றொன்றாக வரும். எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் புதியதே மேல்.

ஆர்டர் போடும் முன் கூலரின் வாய்களையும் உங்கள் குழாய் முனைகளையும் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் பக்கத்து முக்கிய இணைப்புகள் 30 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரி. கூலர் பக்கம் தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும், அதற்கு அடாப்டர் தேவைப்படலாம். ரேஸ் வண்டிகளில் போடும் பின்னல் ஹோஸுக்கு மாறுவதென்றால் 12ஆம் நம்பர் அளவுக்குக் குறையாமல் எடுங்கள். சின்ன கார்களின் கூலர் கிட்டோடு வரும் 10ஆம் நம்பர் ஹோஸ் இதற்குப் போதாது, மேலே சொன்ன நுரை கலந்த, அளவு அதிகமான ஆயில்தான் காரணம்.

கழற்றுவது

இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் ஆயில் நன்றாக இறங்கும். வடிக்கும் நட் இரண்டு இடத்தில்: எஞ்சினுக்கு அடியில் ஒன்று, டேங்குக்கு அடியில் ஒன்று. மொத்தமாக ஏறக்குறைய 10 லிட்டர் வரும், சாதாரணக் கார்களுக்கு வைத்திருக்கும் 5 லிட்டர் தட்டை வைத்துவிட்டு டேங்க் நட்டைத் திறந்தால் ஷெட் முழுக்க ஆயில்தான். 15 லிட்டர் கொள்ளும் தொட்டி வையுங்கள். இதற்கப்புறமும் முன் குழாய்களிலும் டிராம்போனிலும் ஆயில் தங்கியிருக்கும், முன்னாலும் ஒரு தட்டு வேண்டும்.

வலது முன் சக்கரத்தைக் கழற்றினால் டிராம்போன் தெரியும். அதைக் குழாய்களோடு இணைக்கும் பெரிய நட்டுகளுக்கு 36 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். எப்போதும் இரண்டு ஸ்பானர்: ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று எதிர்ப்பக்கத்தைப் பிடித்து நிறுத்த. ஒற்றை ஸ்பானர் போட்டு முழு பலத்தையும் கொடுத்தால் நட் வராது, குழாய்தான் முறுக்கிக்கொள்ளும். பழைய குழாய் ஒருமுறை முறுக்கினால் அவ்வளவுதான்.

துரு இளக்கும் எண்ணெயை வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் அடித்துவாருங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் ஹீட் கன் வைத்து நட்டை மட்டும் சூடாக்கிப் பாருங்கள். திறந்த தீயை ஆயில் குழாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பெட்ரோல் டேங்கும் அந்த முன் பக்கத்தில்தான் இருக்கிறது.

முன்னால் இருக்கும் நட்டுகள் எப்படியாவது வந்துவிடும். பின்னால் தெர்மோஸ்டாட்டில் பிடித்திருக்கும் நட்டுகள்தான் வில்லங்கம். தெர்மோஸ்டாட் அலுமினியம், அதில் ஏறியிருக்கும் நட் வேறு உலோகம், பின் சக்கரம் அடிக்கும் தண்ணீரும் சேறும் குளிர் நாடுகளில் சாலையில் போடும் உப்பும் நாற்பது வருடம் அங்கேதான் விழுந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிடித்து ஒரே கட்டியாகிவிடும். பலத்தைக் காட்டினால் அலுமினியப் புரி நட்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், தெர்மோஸ்டாட் போச்சு, அதன் விலை குழாயின் விலையைவிடப் பல மடங்கு.

அதனால் என் யோசனை: முன் கூலரை மட்டும் மாற்றுகிறீர்கள், குழாய்கள் நன்றாக இருக்கின்றன, தெர்மோஸ்டாட் திறக்கிறது என்றால் பின் இணைப்புகளைத் தொடவே தொடாதீர்கள். குழாயை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில் மட்டும் அங்கே போங்கள், போகும்போதே குழாயின் நட்டைப் பலி கொடுக்கத் தயாராகப் போங்கள். சின்ன வெட்டுச் சக்கரத்தால் நட்டின் ஒரு பக்கத்தை நீளவாக்கில், புரியைத் தொடுவதற்கு ஒரு முடி முன்னால் வரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நட் விரிந்து பிடியை விடும். அறுக்கும்போது உலோகத் தூள் பறக்கும். பக்கத்துத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு அறுங்கள், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

மாட்டுவது

கூலரை அதன் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் வைத்துத்தான் மாட்ட வேண்டும். உலோகத்தோடு உலோகமாக இறுக்கிவிட்டால் வண்டியின் அதிர்வு முழுவதும் கூலரின் ஓர வெல்டிங்குக்குப் போகும், கொஞ்ச நாளில் அங்கே வெடிக்கும். நட்டுகளை இறுக்கும் முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயருக்கும் கூலருக்கும் இடையே இடம் இருக்கிறதா பாருங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், நிஜத்தில் பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே ஏறும், எனவே அந்தப் பக்க சஸ்பென்ஷனை ஜாக் வைத்து மேலே தூக்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அகல டயர் போட்ட, தாழ்த்திய வண்டிகளில் இது ரொம்ப முக்கியம். ஹாரனோ பிராக்கெட்டோ இடித்தால் இடம் மாற்றுங்கள், கூலரை வளைத்துத் திணிக்காதீர்கள்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். இந்த இணைப்புகளில் ஆயிலைத் தடுப்பது உள்ளே முகத்தோடு முகம் உட்காரும் பகுதிதான், புரி வெறும் இறுக்குவதற்கு. டேப் சுற்றினால் கசிவும் நிற்காது, அதன் துணுக்குகள் பிய்ந்து ஆயிலோடு போகும். உட்காரும் முகத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் அந்த முனையை மாற்றுங்கள். புரியில் துரு பிடிக்காமல் தடுக்கும் பேஸ்ட் லேசாகத் தடவி, முதலில் கையால் முழுசாக ஏற்றி, கடைசியில்தான் ஸ்பானர். கையால் மூன்று சுற்று ஏறாத நட் புரி மாறிப் போகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஏற்றுங்கள்.

பழைய ரப்பர் ஹோஸ் துண்டுகள் இருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள். ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் பழைய முனைகளைக் கொடுத்தால் புது ஹோஸ் போட்டு அழுத்திக் கொடுப்பார்கள். ஆயிலுக்கும் 150 டிகிரிக்கும் தாங்கும் ஹோஸ் என்று சொல்லிக் கேளுங்கள். கிளாம்பு போட்டு இறுக்கும் தண்ணீர் ஹோஸ் இங்கே ஆகாது. குளிர் காலத்தில் ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டியான ஆயிலைப் பம்ப் தள்ளும்போது இந்தப் பக்கமும் அழுத்தம் நன்றாகவே ஏறும், குளிர் எஞ்சினை உறுமவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இதுதான்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஆயிலை எப்போதும் கூலர் வழியாக விடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஆயில் சூடாக நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க எஞ்சின் தேய்கிறது. குளிர்ந்த கெட்டி ஆயில் நேராகக் கூலருக்குள் போவது கூலருக்கும் கெடுதல்.

காற்று

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மட்கார்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கூலருக்கு எதிர்க்காற்று தானாக வராது. பம்பருக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடுக்கிலும் கீழிருந்தும் கிடைப்பதுதான். ஓடும்போது அதில் நிறையக் காற்று கூலரைச் சுற்றி ஓரமாகப் போய்விடும், துடுப்புக்குள் நுழைவதைவிடச் சுற்றிப் போவது அதற்குச் சுலபம். ஆகவே இரண்டு வேலை: வழி திறப்பது, ஓரத்தை அடைப்பது.

1984க்குப் பிந்தைய கரேராவின் கீழ் பம்பர் பகுதியில் பனி விளக்குகள் உள்ளேயே பதிந்து வந்தன. உங்கள் எஸ்சியில் அந்தப் பகுதியை யாராவது மாட்டியிருந்தால் வலது விளக்கை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைக் காற்று வழியாக்குவது எளிது, விளக்கு இருந்த இடத்தில் கம்பி வலை வையுங்கள். எஸ்சியின் அசல் பகுதியே இருந்தால் அதன் வலது பக்கத்தில் ஒரு செவ்வகத் திறப்பு வெட்டலாம். அசலை வெட்ட மனம் வராதவர்கள் இன்னொன்றை வாங்கி அதை வெட்டிக்கொள்ளுங்கள், நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். திறப்பிலிருந்து கூலரின் முகம் வரை மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு கூண்டு வளையுங்கள், முன்னால் சின்னதாகத் தொடங்கிப் பின்னால் கூலரின் அளவுக்கு விரிய வேண்டும். திறப்பு கூலர் முகத்தளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே நல்ல பலன் தரும். ஓரங்கள் அடைபட்டிருப்பதுதான் முக்கியம். கூண்டின் ஓரத்துக்கும் கூலருக்கும் இடையே சூட்டைத் தாங்கும் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். முதலில் அட்டையை வெட்டி வடிவத்தைச் சரிபார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போனால் தகடு வீணாகாது.

உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வேண்டும். கூலரின் பின்புறம் சக்கரக் குழிக்குள் திறந்திருக்க வேண்டும். பின்னாளில் யாராவது பிளாஸ்டிக் உள்மூடி போட்டிருந்தால் அந்த இடத்தில் வெட்டித் திறங்கள், ஆனால் டயர் அடிக்கும் கல் நேராகத் துடுப்பில் படாமல் ஒரு வலை கட்டாயம் வையுங்கள்.

ஃபேன்

கூண்டு ஓடும்போதுதான் உதவும். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே கதி. கூலரின் முகத்துக்குப் பொருந்தும் மெல்லிய ஃபேன் ஒன்றை எடுத்து, காற்று முன்னாலிருந்து சக்கரக் குழிப் பக்கம் போகும்படி மாட்டுங்கள். கம்பியை மாற்றிக் கொடுத்தால் சில ஃபேன்கள் எதிர்ப்பக்கம் சுற்றும், மாட்டிய பிறகு ஒரு காகிதத் துண்டைப் பிடித்துத் திசையைச் சரிபார்க்கவும்.

மின்சாரம்: பேட்டரி முன்னால் இடது பக்கத்தில் இருப்பதால் கம்பி தூரம் குறைவு. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து ரிலே, அங்கிருந்து ஃபேன். வண்டியின் பழைய ஃப்யூஸ் பெட்டியிலிருந்து, அதுவும் ஹெட்லைட் லைனிலிருந்து எடுக்க வேண்டாம், அந்த ஃப்யூஸ் முனைகளுக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது. ஃபேன் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து ஃப்யூஸும் கம்பியும் தேர்ந்தெடுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இந்த அளவு ஃபேனுக்குத் தாராளம். ரிலேயை இயக்கும் லைனைச் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து எடுங்கள். தண்ணீரில் குளிரும் கார்களைப் போல எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். இங்கே எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும், ஆயில் சுற்றாது, ஃபேன் கூலருக்குள் தேங்கிய ஆயிலை மட்டும் ஆறவைத்துக்கொண்டு பேட்டரியைக் காலி செய்யும்.

ஃபேனை ஓடவைக்கும் சூட்டு சுவிட்சைக் கூலருக்குள் ஆயில் நுழையும் பக்கம் வைப்பது நல்லது, அங்கேதான் உண்மையான சூடு தெரியும். 100 டிகிரியை ஒட்டி வேலை செய்யும் சுவிட்ச் போதும். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு மிக அருகில் வைத்தால் ஃபேன் எந்நேரமும் ஓடும், மிக உயரத்தில் வைத்தால் முள் ஏறி முடித்த பிறகுதான் எழும். கூடவே டேஷ்போர்டுக்குக் கீழே கையால் போடும் ஒரு சுவிட்சும், ஃபேன் ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கும் வையுங்கள். முன்னால் நெரிசல் தெரிந்தால் முள் ஏறும் முன்பே போட்டுவிடலாம்.

ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது

புது ஃபில்டர், புது வாஷர்கள். முதலில் 9 லிட்டர் அளவில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். அழுத்தம் காட்டவில்லையென்றால் உடனே அணைக்கவும். காட்டினால் ஐடிலில் விட்டு எல்லா இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் முன் கூலர் இன்னும் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. திறந்தவுடன் கூலரும் குழாய்களும் ஆயிலை இழுத்துக்கொள்ளும், டேங்கில் அளவு இறங்கும். அதனால் கூடுதல் ஆயிலைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருக்களில் ஓட்டி, முள் 90ஐத் தாண்டியதும் சமதளத்தில் நிறுத்தி, ஐடிலில் டிப்ஸ்டிக் பார்த்து, கால் லிட்டர், அரை லிட்டராகச் சேருங்கள். முன் குழாய்கள் இப்போது சூடாக இருக்க வேண்டும். போகும் குழாயும் திரும்பும் குழாயும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பிறகு கூலர் அடைபடும்போது கண்டுபிடிக்க உதவும்.

பலனை அளப்பதிலும் நேர்மை வேண்டும். வேலைக்கு முன் ஒரு வெயில் நாளில் போன அதே வழியில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள், வெளிக்காற்றின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்த பிறகு வெளியே 10 டிகிரி குறைந்தால் ஆயிலிலும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 38 டிகிரி நாளையும் 26 டிகிரி நாளையும் ஒப்பிட்டு கூலர் பிரமாதம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆயில் அழுத்தத்தையும் பாருங்கள்: சூடான எஞ்சினில் ஆயிரம் சுழற்சிக்கு ஏறக்குறைய 0.7 பார் என்பது இந்த வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆயில் குளிர்ந்து ஓடினால் அதே சுழற்சியில் அழுத்தம் கொஞ்சம் கூடத் தெரியும், முள் இறங்கியது நிஜம் என்பதற்கு அது இரண்டாவது சாட்சி. மாறாக, முன்னால் எல்லாம் சரியாக இருந்தும் குளிர் நாளில் முள் 80ஐத் தொடவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்கிறது, கூலரை மறைத்து ஒட்டுப் போடாமல் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆயில் கிரேடைக் கூட்டிச் சூட்டைக் குறைக்க முடியாது. வெயில் ஊர்களில் 20டபிள்யூ-50 பொருத்தமானது, அது சூட்டிலும் படலத்தைக் காப்பாற்றும், சூட்டை வெளியேற்றும் வேலை கூலருடையது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா இணைப்புகளையும் இரண்டு ஸ்பானரோடு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, பின்புறத்திலிருந்து முன்புறமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் துடுப்புகளைக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் துடுப்பை மடக்கிவிடும். டயர் கடைக்குப் போகும்போது வலது பக்கம் எங்கே ஜாக் வைக்கலாம், எங்கே கூடாது என்று நீங்களே பக்கத்தில் நின்று காட்டுங்கள்.